ஈய வண்டி டிரஸ்ட்

1900-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்த கார்கள் 4,192. அவற்றில் 1,681 நீராவியில் ஓடின, 1,575 மின்சாரத்தில் ஓடின. பெட்ரோல் கார்கள் வெறும் 936. கையில் கொஞ்சம் பணத்தோடு அன்றைய நியூயார்க்கில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பங்கை வாங்குவீர்கள்? பெட்ரோல் என்று இன்று சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன். பெட்ரோல் வண்டி நாற்றமடித்தது, உடம்பை உலுக்கியது. முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். மின்சார வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு நெம்புகோலைத் தள்ளினால் போதும், சத்தமில்லாமல் நகரும்.

நான் கோவையில் பேட்டரிக் கடை நடத்தி, இப்போது மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டவன். லாரி பேட்டரி, டிராக்டர் பேட்டரி, பவர்கட் காலத்தில் இன்வெர்ட்டர் பேட்டரி, கடைசியில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரி என்று எல்லாம் என் கடைக்கு வந்து போயிருக்கின்றன. ஓய்ந்த பிறகு ஷேர் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. காலை நடை முடிந்ததும் கூடுகிற எங்கள் டீக்கடை மேஜையில் டெஸ்லா பக்தர் ஒருவர் உண்டு. சீனாவின் பிஒய்டி பக்கம் பேசுகிறவர் ஒருவர் உண்டு. "போட்டி வந்துருச்சுங்க, இனி டெஸ்லா எந்திரிக்காது" என்பார் இவர். "இதையேதானுங்க பத்து வருசமாச் சொல்றீங்க" என்பார் அவர். 2023-இன் கடைசிக் காலாண்டில் பிஒய்டி 5,26,409 மின்சாரக் கார்களையும் டெஸ்லா 4,84,507 கார்களையும் விற்ற செய்தி வந்த அன்று டீ ஆறிப்போகும் அளவுக்குச் சண்டை. நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு ஐசக் ரைஸ் ஞாபகம்தான் வந்தது.

ரைஸ் ஒரு வக்கீல், ரயில்வே நிதி விவகாரங்களில் கைதேர்ந்தவர், இசை பற்றிப் புத்தகம் எழுதியவர், சதுரங்கப் பைத்தியம். வெள்ளைக் காய்க்காரர் வேண்டுமென்றே ஒரு குதிரையைப் பறிகொடுத்து ஆட்டத்தைப் பிடிக்கும் ஓர் ஆரம்ப நகர்த்தலுக்கு இன்றும் ரைஸ் காம்பிட் என்றே பெயர். அதைப் பிரபலப்படுத்தத் தன் செலவில் போட்டிகளே நடத்தினார். எங்கள் தொழிலுக்கு அவர் வேறு விதத்தில் உறவு. ஃபிலடெல்ஃபியாவில் 1888-இல் தொடங்கிய எலெக்ட்ரிக் ஸ்டோரேஜ் பேட்டரி கம்பெனியின் தலைவராக இருந்தவர் அவர். நம் ஊர் மெக்கானிக் ஷெட்டுகளில் போர்டாகத் தொங்கும் எக்சைடு என்ற பெயர், 1900-இல் அந்தக் கம்பெனி தன் பேட்டரிக்கு வைத்தது. இங்கிலாந்தின் குளோரைடு கம்பெனி வழியாக அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.

பேட்டரி செய்கிறவனுக்கு எப்போதும் ஒரே கவலைதான்: இதை யார் வாங்குவார்கள்? ரைஸுக்கு அதற்கான விடை அதே ஃபிலடெல்ஃபியாவிலேயே கிடைத்தது. ஹென்றி மாரிஸ் என்ற எஞ்சினியரும் பெட்ரோ சாலம் என்ற வேதியியல்காரரும் 1894-இல் எலெக்ட்ரோபேட் என்ற மின்சார வண்டியைத் தெருவில் ஓட்டினார்கள். வண்டி ஏறக்குறைய இரண்டு டன்; அதில் முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகப் பேட்டரியே இருந்தது. அடுத்த வருஷம் செய்த வண்டி எடை குறைந்து, சிகாகோவில் நவம்பர் பனியில் நடந்த பந்தயத்தில் கலந்துகொண்டது. முழுத் தூரமும் ஓடவில்லை. ஜெயித்தது டுரியா சகோதரர்களின் பெட்ரோல் வண்டி. இருந்தும் வடிவமைப்புக்காக நடுவர்களின் தங்கப் பதக்கம் எலெக்ட்ரோபேட்டுக்குப் போனது. 1897 தொடக்கத்தில் மாரிஸும் சாலமும் ஒரு டஜன் வாடகை வண்டிகளோடு நியூயார்க்கில் இறங்கினார்கள். அந்த வருஷக் கடைசிக்குள் ரைஸ் அவர்களை விலைக்கு வாங்கி எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி என்று பெயர் வைத்தார்.

கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பிராட்வேயில் அவர்கள் பிடித்த கட்டடம். முன்பு அது சறுக்கு விளையாட்டு அரங்கமாக இருந்தது. வாடகை வண்டி உள்ளே வந்து ஒரு மேடையில் நிற்கும். நீரழுத்த இயந்திரம் வண்டியை இம்மிகூடப் பிசகாமல் சரியான இடத்துக்கு நகர்த்தும். அரை டன் எடையுள்ள பேட்டரித் தட்டு வெளியே இழுக்கப்படும், கிரேன் அதைத் தூக்கிச் சார்ஜிங் அறைக்குக் கொண்டுபோகும், சார்ஜ் ஏறிய தட்டு உள்ளே போகும். சில நிமிடங்களில் வண்டி மறுபடி தெருவில். ஷாய் அகாசி என்ற இஸ்ரேல்காரர் 2007-இல் இதே யோசனையோடு பெட்டர் பிளேஸ் என்ற கம்பெனி தொடங்கினார்; அது ஏறக்குறைய 85 கோடி டாலர் முதலீட்டைத் தின்று 2013-இல் திவாலானது. இன்று சீனாவின் நியோ அதைச் செய்துகொண்டிருக்கிறது. எல்லோரும் புதுசு என்றுதான் சொன்னார்கள்.

தட்டு மாற்றுவதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கஷ்டம் தட்டில் இல்லை. லெட் ஆசிட் பேட்டரிக்கு மனிதர் வேண்டும். ஒவ்வொரு செல்லாகத் திறந்து ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்க்க வேண்டும், தண்ணீர் சரிபார்க்க வேண்டும். முழுக்க இறங்கவிட்டு அப்படியே போட்டுவைத்தால் பிளேட்டில் சல்பேட் ஏறிவிடும். அவசரமாகச் சார்ஜ் போட்டால் சூடேறிப் பிளேட் வளையும். கல் பாவிய தெருவில் தினமும் குலுங்கினால் பேஸ்ட் உதிர்ந்து அடியில் வண்டலாகத் தங்கும். வண்டல் உயர்ந்து பிளேட்டைத் தொட்டால் செல் செத்தது. "பிளேட் கொட்டிருச்சு" என்று எங்கள் கடையில் சொல்வது இதைத்தான். வண்டிக்குச் சொந்தக்காரன் ஒருவன் இருந்தால் தன் பேட்டரியைக் கொஞ்சமாவது பார்த்துக்கொள்வான். மாற்றுத் தட்டு முறையில் எந்தப் பேட்டரியும் யாருடையதும் இல்லை. ஓட்டுநர் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு நிலையத்தில் தள்ளிவிட்டுப் போவார். பிராட்வேயில் ஜார்ஜ் காண்டிக்ட் என்ற எஞ்சினியரின் மேற்பார்வை இருந்தது, அதனால் ஓரளவு தாக்குப்பிடித்தது. நிலையத்தை அப்படியே நகலெடுத்துச் சிகாகோவிலும் பாஸ்டனிலும் வைத்தபோது காண்டிக்டை நகலெடுக்க முடியவில்லை.

நகலெடுக்கும் யோசனை ரைஸுடையது இல்லை. 1899-இல் வில்லியம் விட்னி உள்ளே வந்தார். ஒரு காலத்தில் அமெரிக்கக் கடற்படை அமைச்சராக இருந்தவர். அப்போது நியூயார்க் டிராம் வண்டிகளில் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்தவர். தாமஸ் ரயன், பீட்டர் வைடனர் என்ற கூட்டாளிகளும் டிராம் பணக்காரர்களே. டிராம் தண்டவாளம் போகாத இடத்துக்கெல்லாம் மின்சார வாடகை வண்டி, நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் என்பது அவர்களுடைய கணக்கு. சைக்கிள் மன்னர் ஆல்பர்ட் போப்பின் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலை கொலம்பியா என்ற பெயரில் மின்சாரக் கார் செய்துகொண்டிருந்தது, அதையும் இணைத்தார்கள். பத்திரிகைகளில் 20 கோடி டாலர் மூலதனம் என்று பேச்சு அடிபட்டது.

அந்த மூலதனம் எப்படிப் புரண்டது என்பதை எங்கள் மேஜைக்காரர்கள் கவனிக்க வேண்டும். இல்லினாய்ஸுக்கு ஒரு துணைக் கம்பெனி, நியூ இங்கிலாந்துக்கு ஒன்று என்று மாநிலவாரியாகத் தொடங்கினார்கள். துணைக் கம்பெனிகளின் பங்கைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் துணைக் கம்பெனி தாய்க் கம்பெனியிடம் வண்டி வாங்கியது. தாய்க் கம்பெனியின் புத்தகத்தில் அது அமோக விற்பனை. அப்பாவின் மளிகைக் கடையில் மகன்கள் ஊரில் கைமாற்று வாங்கிச் சாமான் எடுக்க, அப்பா அதை வியாபாரம் என்று எழுதிக்கொள்வது போன்ற ஏற்பாடு. வண்டி தெருவில் சவாரி பிடித்துச் சம்பாதிக்கிறதா என்ற கேள்விக்கு அந்தப் புத்தகத்தில் பத்தியே கிடையாது.

கேள்வி கேட்ட ஒருவர் இருந்தார். இங்கர்சால் என்பவர் 1895 முதல் தி ஹார்ஸ்லெஸ் ஏஜ் என்ற பத்திரிகையை நடத்தினார். பெட்ரோல் கட்சிக்காரர். ஈயத்தைச் சுமந்து ஈயத்தைப் போலவே நகரும் வண்டி என்ற கேலியோடு, அந்தப் பத்திரிகையில் விட்னி கூட்டத்துக்கு லெட் கேப் டிரஸ்ட், அதாவது ஈய வண்டி டிரஸ்ட் என்ற பெயர் நிலைத்தது. இன்றைய பாஷையில் இங்கர்சாலைக் கரடி என்போம், பங்கு விழும் என்று பந்தயம் கட்டி ஷார்ட் அடிக்கிறவர்களின் குரல். 1899 டிசம்பரில் நியூயார்க் ஹெரால்டு, கம்பெனி கடன் வாங்கிய விதத்தில் மோசடி இருக்கிறது என்று எழுதியதும் பங்கு விழத் தொடங்கியது. கரடிகள் கொண்டாடினார்கள்.

தெருவிலும் அந்த வருஷம் கம்பெனிக்குச் சகுனம் சரியில்லை. மே 20 அன்று ஜேக்கப் ஜெர்மன் என்ற ஓட்டுநர் லெக்சிங்டன் அவென்யூவில் மணிக்கு 12 மைல் வேகத்தில் போனதற்காகக் கைதானார். வேகமாகக் கார் ஓட்டிச் சிறைக்குப் போன முதல் அமெரிக்கர் என்று அவரைச் சொல்வார்கள். ஓட்டியது இந்தக் கம்பெனியின் வண்டி. செப்டம்பர் 13 அன்று மேற்கு 74-ஆம் தெரு முனையில் டிராமிலிருந்து இறங்கிய ஹென்றி பிளிஸ் என்பவர் மீது ஒரு மின்சார டாக்ஸி மோதியது. மறுநாள் காலை இறந்தார். அமெரிக்காவில் கார் மோதி இறந்த முதல் மனிதர் அவர்தான். சத்தமில்லாத வண்டி என்பது எல்லோருக்கும் நன்மையாக அமையவில்லை. ஐசக் ரைஸின் மனைவி ஜூலியா 1906-இல் தேவையற்ற சத்தத்தை ஒழிக்கும் சங்கம் ஒன்றை நியூயார்க்கில் தொடங்கினார் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ரைஸ் அதற்கு வெகு முன்பே விட்னியிடம் விற்றுவிட்டு வெளியேறியிருந்தார். 1899 பிப்ரவரியிலேயே எலெக்ட்ரிக் போட் என்று இன்னொரு கம்பெனி தொடங்கி, நீர்மூழ்கிக் கப்பலுக்குப் பேட்டரி விற்கப் போய்விட்டார். அது இன்றும் ஜெனரல் டைனமிக்ஸின் பிரிவாக அமெரிக்கக் கடற்படைக்கு நீர்மூழ்கி கட்டுகிறது. பங்குச்சந்தைக்காரர்கள் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டிய ஆள் விட்னி இல்லை, இவர்தான் என்பது என் அபிப்பிராயம்.

1901-க்குள் வெளியூர்க் கிளைகள் மூடப்பட்டன. கம்பெனி ஏன் அன்றே சாகவில்லை என்பதுதான் விசித்திரம். ரோசெஸ்டரில் ஜார்ஜ் செல்டன் என்ற காப்புரிமை வக்கீல் இருந்தார். பெட்ரோல் எஞ்சின் வைத்த சாலை வண்டி என்ற யோசனைக்கே 1879-இல் மனு போட்டு, திருத்தம் மேல் திருத்தம் கொடுத்து 16 வருஷம் இழுத்தடித்து, கார் தொழில் தலையெடுத்த 1895-இல் 549,160 என்ற எண்ணுள்ள காப்புரிமையைக் கையில் வாங்கினார். 1899-இல் விட்னி கூட்டம் அதன் உரிமையை 10,000 டாலரும் ராயல்டியில் பங்கும் கொடுத்து வாங்கிப் பெட்டியில் வைத்தது. மின்சாரக் கார் கம்பெனி பெட்ரோல் காரின் காப்புரிமையை வாங்குவானேன்? ஒருவேளை பெட்ரோல் ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்ற முன்யோசனைதான்.

1903-இல் பெட்ரோல் கார் உற்பத்தியாளர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்து, விற்கும் ஒவ்வொரு காருக்கும் விலையில் ஒன்றேகால் சதவீதம் ராயல்டி கட்ட ஒப்புக்கொண்டார்கள். ஐந்தில் இரண்டு பங்கு மின்சாரக் கம்பெனிக்கு, இரண்டு பங்கு சங்கத்துக்கு, ஒரு பங்கு செல்டனுக்கு. அதன் பிறகு போட்டியாளன் எவ்வளவு கார் விற்கிறானோ அவ்வளவு இவர்களுக்கு வரவு. பேட்டரி செத்த இடத்தில் காகிதம் சோறு போட்டது.

இதைப் படித்தபோது 2020-ஆம் ஆண்டு டெஸ்லா கணக்கை எடுத்துப் பார்த்தேன். நிகர லாபம் 72 கோடி டாலர். மற்ற கார் கம்பெனிகளுக்கு மாசுக் கிரெடிட் விற்ற வகையில் வரவு 158 கோடி டாலர். அதாவது பெட்ரோல் கார்க்காரர்கள் கட்டிய பணத்தைக் கழித்தால் அந்த வருஷம் நஷ்டம். ஷார்ட் அடித்தவர்கள் இதைச் சரியாகவே சொன்னார்கள். சொல்லிக்கொண்டே அந்த ஒரு வருஷத்தில் சுமார் 4,000 கோடி டாலர் இழந்தார்கள், ஏனென்றால் பங்கு ஏழு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. டெஸ்லா அந்த அவகாசத்தில் கார் செய்து லாபம் பார்க்கக் கற்றுக்கொண்டது. எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி கற்றுக்கொள்ளவில்லை. 2025-இல் அமெரிக்க அரசு எரிபொருள் சிக்கன விதியை மீறுவோருக்கான அபராதத்தைச் சுழியாக்கியதும் கிரெடிட் ஊற்று வற்றத் தொடங்கிவிட்டது. எங்கள் டெஸ்லா பக்தர் இந்த விஷயத்தில் மட்டும் காது கேளாதவர். பிஒய்டிக்காரருக்கும் ஒரு காது மந்தம்: சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்காமல் மாதக்கணக்கில் இழுத்த சீனக் கார் கம்பெனிகள், அரசு கண்டித்த பிறகு 2025 ஜூனில் 60 நாளில் கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுக்க வேண்டி வந்தது. அதில் பிஒய்டியும் உண்டு. வண்டி விற்பனை எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுகிறவர் விட்னியின் புத்தகத்தைத்தான் படிக்கிறார்.

செல்டன் பணத்துக்கு வருவோம். டெட்ராய்ட்டில் ஒருவர் கட்ட மறுத்தார். ஹென்றி ஃபோர்டு மீது 1903-இல் வழக்குப் போட்டார்கள். 1909-இல் தீர்ப்பு ஃபோர்டுக்கு எதிராக வந்தது. மேல்முறையீட்டில், 1911 ஜனவரியில், செல்டன் காப்புரிமை செல்லும், ஆனால் அவர் வரைந்தது பிரேட்டன் வகை எஞ்சின், எல்லோரும் ஓட்டுவது ஓட்டோ வகை எஞ்சின், ஆகவே யாரும் மீறவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஃபோர்டின் மனைவி கிளாரா ஊருக்குள் போய்வர வைத்திருந்தது டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சாரக் கார்.

தீர்ப்பைப் பார்க்க எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி உயிரோடு இல்லை. 1907 அவர்களுக்கு முடிவு காலம். ஜனவரியில் நியூயார்க் கொட்டகையில் பிடித்த தீயில் சுமார் 300 வண்டிகள் எரிந்தன. அக்டோபரில் ஹாரி ஆலன் என்ற இளைஞர் பிரான்ஸிலிருந்து 65 சிவப்பு டராக் பெட்ரோல் டாக்ஸிகளை இறக்கினார். அவற்றின் பெரிய கவர்ச்சி எஞ்சின் அல்ல, மீட்டர். குதிரை வண்டிக்காரன் முக்கால் மைலுக்கு 5 டாலர் கறந்துவிட்டான் என்ற கோபத்தில்தான் ஆலன் தொழிலுக்கே வந்தார். நீராவியா, பெட்ரோலா, மின்சாரமா என்று முதலீட்டாளர்கள் பத்து வருஷம் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, சவாரிக்காரருக்கு வேண்டியிருந்தது நியாயமான கட்டணம் காட்டும் ஒரு முள். அதே மாதம் நிக்கர்பாக்கர் டிரஸ்ட் என்ற நிதி நிறுவனம் சரிந்து வால் ஸ்ட்ரீட்டில் பீதி. டிசம்பரில் கம்பெனி நீதிமன்றப் பொறுப்பாளர் கைக்குப் போனது.

மிச்சம் இருந்தது கொலம்பியா மோட்டார் கார் கம்பெனி என்று பெயர் மாறி, 1910-இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் மோட்டார் என்ற கூட்டில் கரைந்து, அந்தக் கூட்டும் 1912-இல் கவிழ்ந்தது. அந்த வருஷ மாடல் கேடிலாக் காரில்தான் சார்ல்ஸ் கெட்டரிங் செய்த மின் ஸ்டார்ட்டர் முதன்முதலாக வந்தது. கைப்பிடி சுற்றும் வேலை ஒழிந்தது. மின்சாரக் காரிடம் மிச்சமிருந்த ஒரே மேன்மையை ஒரு சின்ன மோட்டாரும் ஒரு லெட் ஆசிட் பேட்டரியும் சேர்ந்து பெட்ரோல் காருக்குத் தூக்கிக் கொடுத்தன. வண்டி முழுக்க நிரம்பியிருந்த பேட்டரி பானெட்டுக்கு அடியில் ஒரு மூலைக்குப் போனது. ஆனால் உலகத்தில் எத்தனை கார் உண்டோ அத்தனை மூலைகள். என் கடையும் லட்சக்கணக்கான கடைகளும் அந்த மூலையை நம்பிப் பிழைத்தவை.

டீக்கடை மேஜையில் இதைச் சொன்னபோது டெஸ்லாக்காரர் உடனே ஒரு முடிவுக்கு வந்தார்: "அப்பக் கார் கம்பெனிய விட்டுட்டு பேட்டரிக் கம்பெனிய வாங்கோணும்னு சொல்றீங்க." நான் அவருக்கு மீதிக் கதையையும் சொன்னேன். ரைஸின் பேட்டரிக் கம்பெனி பெட்ரோல் யுகம் முழுக்க நன்றாகவே வாழ்ந்தது. 1974-இல் கனடாவின் நிக்கல் கம்பெனி இன்கோ, மார்கன் ஸ்டான்லியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நிர்வாகம் வேண்டாம் என்று கத்தக் கத்தப் பங்குக்கு 28 டாலரில் ஏலத்தை ஆரம்பித்து 41 டாலரில் அதைப் பிடித்தது. வால் ஸ்ட்ரீட்டின் பெரிய வங்கி ஒன்று துணை நின்ற முதல் பகைமைக் கையகப்படுத்தல் என்று அதைச் சொல்வார்கள். வாங்கிய இன்கோவுக்கு அதில் நல்லது நடக்கவில்லை. 1980-களில் பிரித்துப் பிரித்து விற்றுத் தலைமுழுகியது.